கார்ல் ரோஜர்ஸ்: பேச்சுவழிச் சிகிச்சையை ஆய்வுக்கு உட்படுத்தியவர்

மருத்துவர் ஒரு மாத்திரையை எழுதித் தரும்போது, அது பலரிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருந்துக்கடைக்கு வந்திருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். ஆனால் உங்களையோ உங்கள் வீட்டில் உள்ள ஒருவரையோ மனநல ஆலோசனைக்கு அனுப்பும்போது சில ஐயங்கள் எழக்கூடும். வாரம் ஒருமுறை அமர்ந்து பேசுவதால் நோய் குறையுமா? குறையும் என்பதை யார், எப்படிச் சோதித்தார்கள்? அந்தச் சோதனைக்கான செலவை யார் ஏற்றார்கள்?

இவை நியாயமான கேள்விகள். மருந்துகளைப் போலவே பேச்சுவழிச் சிகிச்சை, குடும்ப ஆலோசனை, குழுப் பயிற்சி போன்ற உளசமூகச் சிகிச்சைகளும் ஆய்வுகளைக் கடந்தே வர வேண்டும். இந்த எண்ணம் பரவலாக இல்லாத காலத்தில் அதைச் செயலில் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது, இன்று உங்களிடம் ஒரு புதிய சிகிச்சையின் ஆய்வில் சேருமாறு கேட்கப்பட்டால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

பண்ணையில் கற்ற பாடம்

ரோஜர்ஸ் 1902-ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று, சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவர் நான்காமவர். தந்தை கட்டடப் பொறியாளர். குடும்பம் கண்டிப்பான சமயப் பற்றுடையது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பத்தினர் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே சிறுவன் ரோஜர்ஸ் அந்துப்பூச்சிகளை வளர்த்தான். தந்தை வரவழைத்த அறிவியல் வேளாண்மை நூல்களைப் படித்தான்.

கால்நடைத் தீவனம் பற்றிய ஒரு தடித்த நூல் அவன் மனத்தில் ஆழப் பதிந்தது. ஒரு புதிய தீவனம் பாலைப் பெருக்குகிறதா என்று அறிய வேண்டுமானால், அதைத் தின்ற மாடுகளை மட்டும் பார்த்தால் போதாது. மற்றவகையில் ஒத்த நிலையில் உள்ள, ஆனால் அத்தீவனத்தைத் தின்னாத மாடுகளோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டு முறையை அவர் பிற்காலத்தில் மனிதத் துயரைப் போக்கும் சிகிச்சைக்கும் பொருத்திப் பார்த்தார்.

1919-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயிலச் சேர்ந்த அவர், பின்னர் வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார். 1922-ஆம் ஆண்டு சீனத்தின் பீக்கிங் நகரில் நடந்த உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்குச் சென்று, பல மாதங்கள் ஆசியாவில் பயணம் செய்தார். 1924-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, ஹெலன் எலியட் என்பவரை மணந்தார். நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகள் இறையியல் பயின்ற பின், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் உளவியலுக்கு மாறி, 1931-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

ராச்செஸ்டரில் ஒரு தாய்

படிப்பு முடிவதற்கு முன்பே, 1928-ஆம் ஆண்டு, ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தில் ரோஜர்ஸ் பணியில் சேர்ந்தார். நடத்தைச் சிக்கல் உடைய பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பார்த்தார். பராமரிப்பாளர்களாகிய நீங்கள் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி அப்போது நடந்தது.

கட்டுக்கடங்காத ஒரு சிறுவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். மகனை அவர் இளவயதில் ஏற்காமல் ஒதுக்கியதே சிக்கலுக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் கருதினார். அதை அத்தாய் உணருமாறு பல சந்திப்புகளில் பொறுமையாக விளக்கியும் பயன் விளையவில்லை. இருவரும் முயற்சியைக் கைவிடுவதென்று ஒப்புக்கொண்டனர். வாசல்வரை சென்ற அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மீண்டும் வந்து அமர்ந்து, தம் மணவாழ்வின் துன்பங்களைத் தாமே சொல்லத் தொடங்கினார். உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது. பிள்ளையின் நிலையும் பின்னர் சீரடைந்தது.

துன்பப்படுபவரே தம் சிக்கலின் மையத்தை அறிவார். ஆலோசகர் குறுக்கிடாமல், பரிவோடு, மெய்யான அக்கறையோடு கேட்டால் அவரே வழியைக் கண்டடைவார் என்ற கருத்து இத்தகைய அனுபவங்களிலிருந்து உருவாயிற்று. அது நல்ல கருத்தாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு தாய் நலம் அடைந்தார் என்பது சிகிச்சைக்குச் சான்று ஆகாது. அவர் தாமாகவே தேறியிருக்கக்கூடும் அல்லவா? இக்கேள்வியை ரோஜர்ஸ் தவிர்க்கவில்லை.

உரையாடலைப் பதிவு செய்தல்

1940-ஆம் ஆண்டு அவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அக்காலத்தில் உளச்சிகிச்சை அறைக்குள் என்ன நடந்தது என்பது சிகிச்சையாளரின் நினைவிலும் குறிப்பேட்டிலும் மட்டுமே இருந்தது. தாம் செய்ததாக ஒருவர் நினைப்பதும் உண்மையில் அவர் செய்ததும் வேறுபடலாம். ஆகவே ரோஜர்ஸும் அவருடைய மாணவர்களும் உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கினர். ஒரு தட்டில் சில நிமிடப் பேச்சே அடங்கும்; ஒரு சந்திப்பு முழுவதையும் பதிவு செய்வதற்குத் தட்டுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1942-ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூலில், ஒரே நபரின் எட்டுச் சந்திப்புகள் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டன. ஓர் உளச்சிகிச்சை தொடக்கம் முதல் முடிவுவரை முழுமையாக அச்சில் வந்தது அதுவே முதன்முறை. இதன் பயன் பெரிது. மருந்தின் அளவை மில்லிகிராமில் குறிப்பதுபோல, பேச்சுவழிச் சிகிச்சையில் உண்மையில் எது கொடுக்கப்பட்டது என்பதைப் பிறரும் சரிபார்க்க முடிந்தது. இன்று ஓர் ஆய்வில் உங்கள் உரையாடலைப் பதிவு செய்ய அனுமதி கேட்கிறார்கள் என்றால், ஆலோசகர் உரிய முறையில் சிகிச்சை தருகிறாரா என்று கண்காணிப்பதே பெரும்பாலும் அதன் நோக்கம்.

நிதியுதவியும் ஒப்பீட்டு ஆய்வும்

1945-ஆம் ஆண்டு ரோஜர்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கே ஓர் ஆலோசனை மையத்தை நிறுவினார். சிகிச்சை பலன் தருகிறதா என்று முறையாகச் சோதிக்க அவர் விரும்பினார். அதற்குப் பணம் தேவைப்பட்டது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், சிகிச்சையில் பங்குகொள்ளாத மதிப்பீட்டாளர்கள், பதிவுக் கருவிகள், மாதக்கணக்கில் தொடரும் பின்தொடர் சந்திப்புகள் ஆகிய அனைத்தும் செலவு பிடிப்பவை.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கவனியுங்கள். புதிய மருந்தின் ஆய்வுக்கு அதைத் தயாரிக்கும் நிறுவனம் செலவிடும். மருந்து வெற்றி பெற்றால் விற்பனையில் அதைத் திரும்பப் பெறும். பேச்சுவழிச் சிகிச்சைக்கு அத்தகைய காப்புரிமை இல்லை. பெட்டியில் அடைத்து விற்க எதுவும் இல்லை. ஆகவே அரசோ அறக்கட்டளையோ முன்வந்தால்தான் இச்சிகிச்சைகள் சோதிக்கப்படும். ரோஜர்ஸின் ஆய்வுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதியுதவி அளித்தது. 1949-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணியின் முடிவுகள், ரோசலிண்ட் டைமண்டுடன் இணைந்து ரோஜர்ஸ் 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தொகுக்கப்பட்டன.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. சிகிச்சை நாடி வந்தவர்களுள் ஒரு பகுதியினர், தொடங்குவதற்கு முன் 60 நாள்கள் காத்திருந்தனர். காலம் கடப்பதே நோயைக் குறைக்குமானால், அந்த 60 நாள்களில் அது தெரிந்துவிடும். சிகிச்சை நாடாத தன்னார்வலர்கள் மற்றோர் ஒப்பீட்டுக் குழுவாக இருந்தனர்.

மன மாற்றத்தை எவ்வாறு அளப்பது? ஒவ்வொருவரிடமும் 100 அட்டைகள் தரப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரு வாசகம் இருந்தது. தமக்கு மிகப் பொருந்துவது முதல் சற்றும் பொருந்தாதது வரை அவற்றை ஒன்பது அடுக்குகளாக அவர்கள் பிரித்தனர். பின்னர், தாம் எப்படி இருக்க விரும்புகிறார்கள் என்பதற்கு ஏற்ப அதே அட்டைகளை மீண்டும் பிரித்தனர். இரண்டு வரிசைகளும் முற்றிலும் ஒத்திருந்தால் மதிப்பெண் 1. தொடர்பே இல்லையென்றால் 0.

சிகிச்சை பெற்ற 25 பேரிடம் தொடக்கத்தில் இம்மதிப்பெண் சராசரியாக ஏறத்தாழ 0 ஆக இருந்தது. காத்திருந்த 60 நாள்களில் அது மாறவில்லை. சிகிச்சைக்குப் பின் 0.34 ஆக உயர்ந்தது. பின்தொடர் சந்திப்பிலும் பெருமளவு நிலைத்தது. சிகிச்சை நாடாத ஒப்பீட்டுக் குழுவில் அது 0.58. அதாவது முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் முழுமையான மீட்சி கிட்டவில்லை.

இது ஒரு தொடக்கநிலை ஆய்வு. பங்கேற்றவர்கள் சிலரே, ஒப்பீட்டுக் குழுவினர் அதே துன்பம் உடையவர்கள் அல்லர். இன்று அந்த முடிவுகளை மட்டும் கொண்டு யாரும் ஒரு சிகிச்சையைப் பரிந்துரைக்கமாட்டார்கள். எனினும் அந்நாளில் அது பெரிய முன்னேற்றம். 1952-ஆம் ஆண்டில்தான், லண்டனில் பணிபுரிந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க், நரம்புத்தளர்ச்சி என அழைக்கப்பட்ட நிலையில் இருந்தவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை இன்றியே ஈராண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று வாதிட்டிருந்தார். அத்தகைய வாதத்துக்கு விடை காண ஒப்பீட்டு ஆய்வுகள்தாம் வழி. 1956-ஆம் ஆண்டு, அமெரிக்க உளவியல் சங்கம் சிறந்த அறிவியல் பங்களிப்புக்கான விருதை முதன்முறையாக வழங்கியபோது, அதைப் பெற்ற மூவருள் ரோஜர்ஸும் ஒருவர்.

எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஆய்வு

அதுவரை ரோஜர்ஸிடம் வந்தவர்களுள் பெரும்பாலோர் கல்லூரியிலும் வேலையிலும் இயங்கிக்கொண்டிருந்தவர்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இம்முறை பயன்படுமா என்பது தெரியவில்லை. 1957-ஆம் ஆண்டு அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மெண்டோட்டா அரசு மனநல மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகளிடையே ஆய்வைத் தொடங்கினார். 1949-ஆம் ஆண்டு உருவான அமெரிக்க தேசிய மனநல நிறுவனமும் இதற்கு நிதி அளித்தது.

இம்முறை திட்டம் மேலும் கண்டிப்பானது. நெடுநாள் நோயாளிகள், அண்மையில் நோயுற்றவர்கள், நோயற்றவர்கள் என மூவகையினரும் இணை இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓர் இணையில் ஒருவருக்குச் சிகிச்சை, மற்றவர் ஒப்பீட்டுக்கு. ஆலோசகரின் பரிவுணர்வு, மெய்ம்மை, நிபந்தனையற்ற ஏற்பு ஆகிய மூன்றும் பதிவுகளிலிருந்து அளக்கப்பட்டன. நலம் தருவது எதுவோ அதையே அளக்க வேண்டும் என்பது ரோஜர்ஸின் நோக்கம்.

பணி எளிதாக நடக்கவில்லை. சில நோயாளிகள் பேசவே விரும்பவில்லை; ஆலோசகரோடு மௌனமாகவே அமர்ந்திருந்தனர். ஆய்வுக் குழுவுக்குள் பிணக்குகள் எழுந்தன. ஒரு கட்டத்தில் மதிப்பீட்டுத் தரவுகளில் ஒரு பகுதி காணாமற்போயிற்று. பதிவுகளை மீண்டும் கேட்டு மதிப்பிட வேண்டியதாயிற்று. 1967-ஆம் ஆண்டில்தான் முடிவுகள் நூலாக வெளிவந்தன.

அம்முடிவு அவர் எதிர்பார்த்தது அன்று. சிகிச்சை பெற்றவர்கள் ஒட்டுமொத்தமாக ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. பரிவுணர்வு மிகுந்த ஆலோசகரைப் பெற்றவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. அது குறைவாக இருந்த இடத்தில் முன்னேற்றம் இல்லை. சிலரின் நிலை பின்னடைந்தது. இதிலும் ஓர் ஐயம் மிஞ்சியது. பரிவு நோயாளியை மேம்படுத்தியதா, மேம்பட்டுவந்த நோயாளியிடம் பரிவு காட்டுவது எளிதாக இருந்ததா? அந்த ஆய்வால் இதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரைப் பராமரிக்கும் உங்களுக்கு இந்த முடிவு மிகவும் முக்கியமானது. பரிவான பேச்சு தேவை. ஆனால் அது மருந்துக்கு மாற்று அன்று. பொருத்தமற்ற பேச்சு தீங்கும் செய்யலாம். தமக்குப் பாதகமான ஒரு முடிவு மறைக்கப்படாமல் வெளிவந்ததால்தான் பின்வந்தவர்கள் இதை அறிந்தார்கள். வெற்றிகளை மட்டும் வெளியிட்டுத் தோல்விகளை மூடி வைத்தால், அதன் விலையை நோயாளிகளே கொடுக்க நேரிடும்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி

ரோஜர்ஸின் வாழ்க்கையில் நிதி தொடர்பாக ஒரு சங்கடமான பகுதியும் உண்டு. 1950-களில் மனிதச் சூழலியல் ஆய்வுக்கென இயங்கிய ஒரு சங்கத்திடமிருந்து அவர் ஆய்வு நிதி பெற்றார். அதன் நிர்வாகக் குழுவிலும் இடம்பெற்றார். அச்சங்கத்தின் பின்னால் இருந்தது அமெரிக்க மைய உளவு நிறுவனத்தின் பணம் என்பது 1970-களில் பொதுவெளிக்கு வந்தது. ரோஜர்ஸின் சிகிச்சை ஆய்வு நோயாளிகளுக்குத் தீங்கு செய்தது என்பது இதன் பொருள் அன்று. ஆனால் அதே சங்கத்தின் வழியே சென்ற பணம் வேறு இடங்களில் கேள்விக்குரிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. நிதி அளிப்பவர் யார் என்பதைப் பங்கேற்பவர்களுக்கு மறைக்கக் கூடாது என்ற இன்றைய விதி, இத்தகைய வரலாறுகளுக்குப் பிறகே வலுப்பெற்றது.

பிற்காலமும் பின்வந்த ஆய்வுகளும்

1960-களின் நடுவில் ரோஜர்ஸ் கலிபோர்னியாவின் லா ஹோயா நகருக்குச் சென்றார். பல்கலைக்கழகப் பணியை விட்டு, குழு உரையாடல்களிலும், பகைமை கொண்ட சமூகத்தினரை ஒன்றாக அமர்த்திப் பேசவைப்பதிலும் ஈடுபட்டார். வட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் மக்களோடு பணியாற்றினார். 1979-ஆம் ஆண்டு மனைவி ஹெலன் காலமானார். 1987-ஆம் ஆண்டு, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை பெற்ற பின், பிப்ரவரி 4 அன்று தமது 85-ஆம் வயதில் ரோஜர்ஸ் இறந்தார்.

அவர் தொடங்கிய சோதனை அவரோடு முடியவில்லை. மனச்சோர்வு நோய்க்கு அவருடைய வழியில் வந்த ஆலோசனையையும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் ஒப்பிட்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2021-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவின்படி, ஆறாவது மாதத்தில் முந்தையது பிந்தையதற்குக் குறைந்ததாக இல்லை. பன்னிரண்டாவது மாதத்தில் பிந்தையதே சற்று மேலாக இருந்தது. அந்த ஆய்வுக்கு நிதி அளித்தது ஆலோசகர்களின் தொழில்சங்கம் சார்ந்த அறக்கட்டளை. ஆயினும் பாதகமான பகுதியும் மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது.

ரோஜர்ஸின் அணுகுமுறையை ஒட்டி, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ஆம் ஆண்டு ஊக்கமூட்டும் நேர்காணல் என்னும் முறையை விவரித்தார். அதன் அடிப்படையில் அமைந்த குறுகிய ஆலோசனை, தீங்கான அளவில் மது அருந்தும் 377 ஆண்களிடம் நம் நாட்டின் கோவா மாநில ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகர்களாக இருந்தனர். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதி அளித்த அந்தத் திட்டத்தில், முதலில் சிறிய முன்னோட்ட ஆய்வுகள் நடத்தி, முறையைத் திருத்திய பின்னரே பெரிய ஆய்வுக்குச் சென்றனர். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட, ஆலோசனை பெற்றவர்களுள் கூடுதலானோர் மூன்று மாதங்களில் தீங்கான குடியிலிருந்து விடுபட்டிருந்தனர்.

இன்று தொடக்கநிலை ஆய்வுக்கு நிதி அளிப்போர் இன்னும் நுட்பமாகக் கேட்கிறார்கள். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 2014-ஆம் ஆண்டு முதல், புதிய சிகிச்சை எந்த உளச்செயல்பாட்டை மாற்ற முயல்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, அது மாறுகிறதா என்று முதலில் அளந்து காட்டுமாறு கோருகிறது. அட்டைகளை அடுக்கவைத்து ரோஜர்ஸ் தேடியதும் இத்தகைய விடையையே.

உங்களை ஓர் ஆய்வில் சேர அழைத்தால்

புதிய உளசமூகச் சிகிச்சையின் தொடக்கநிலை ஆய்வில் சில பத்துப் பேரே இருப்பர். அது உங்களுக்குப் பலன் தரும் என்று யாரும் உறுதி கூற இயலாது. பலன் தருமா என்று அறியவே ஆய்வு நடக்கிறது. சேருவதற்கு முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளதா?

2. நிதி அளிப்பவர் யார்?

3. ஒப்பீட்டுக் குழுவில் இடம்பெற்றால் என்ன சிகிச்சை கிடைக்கும்? எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? இடையில் நிலை மோசமடைந்தால் யாரை அணுகுவது?

4. உரையாடல் பதிவு செய்யப்படுமா? அதை யார் கேட்பார்கள்? எப்போது அழிப்பார்கள்?

5. இப்போது எடுக்கும் மருந்துகளைத் தொடரலாமா? மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

6. ஆய்வு முடிந்த பின் முடிவுகள், பாதகமாக இருந்தாலும், வெளியிடப்படுமா?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, மனநோய் உள்ளவர் எவரையும் அவருடைய தகவலறிந்த, சுதந்திரமான ஒப்புதல் இன்றி ஆய்வில் சேர்க்க முடியாது. உளவியல் சிகிச்சை ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். அவரால் ஒப்புதல் தர இயலாத நிலையில், குடும்பத்தினரின் கையெழுத்து மட்டும் போதாது. மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் தேவை. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சேர மறுத்தாலோ இடையில் விலகினாலோ, உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

மனநலம் தொடர்பான ஐயங்களுக்கும் உடனடி ஆதரவுக்கும் டெலி மானஸ் கட்டணமில்லா உதவி எண் 14416-ஐ நாளின் எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆய்வு அழைப்பிதழ் ஏதேனும் கைவசம் இருந்தால், உங்கள் அடுத்த மருத்துவச் சந்திப்பின்போது அதை எடுத்துவந்து மருத்துவரிடம் காட்டி, மேற்கண்ட கேள்விகளை அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.